வலிக்காத சிராய்ப்பு

தருமபுரியிலிருந்து இண்டூர் வழியாகப் பென்னாகரம் போகும் பஸ், புளியமரங்கள் இருபுறமும் நின்ற ஒரு வளைவில் இசபெல்லாவை இறக்கிவிட்டு, செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. 1987ஆம் வருஷம், சித்திரை மாதம், பகல் பதினோரு மணி. அவள் கையில் ஒரு ஒயர் கூடை. அதில் பஞ்சுச் சுருள், கத்தரிக்கோல், டிங்சர் பாட்டில், மத்தியானச் சோறு. ரோட்டுக்கு எதிரே வெள்ளையடித்த நீண்ட மதில். மதில்மேல் ‘பொன்னி அலைக்குளம்’ என்று நீல எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு பெரிய அலையையும் அலைமேல் சிரிக்கும் ஒரு மீனையும் வரைந்திருந்தார்கள்.

புளி மண்டி காளியப்பன் சிங்கப்பூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது, கட்டடத்துக்குள்ளே கடல்போல் அலையடிக்கும் குளம் ஒன்றைப் பார்த்தாராம். ஒகேனக்கல் அருவிக்குப் போகிற கூட்டமெல்லாம் வழியில் தன் வாசலில் இறங்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். ஊர் திரும்பி, நாலு ஏக்கர் வறண்ட கொல்லையில் குளம் வெட்டினார். ஒரு முனையில் கணுக்கால் அளவுத் தண்ணீர். அங்கிருந்து தளம் சரிந்துகொண்டே போய் மறுமுனையில் ஆள் ஆழம். ஆழத்துப் பக்கச் சுவருக்குப் பின்னால் ஒரு டீசல் இஞ்சின், இரும்புக் கை, அந்தக் கையில் மாட்டிய கதவு மாதிரிப் பெரிய தேக்குப் பலகை. இஞ்சின் ஓடினால் பலகை தண்ணீரைத் தள்ளும், இழுக்கும். அலை எழும்பி வந்து ஆழம் குறைந்த பக்கத்தில் நுரைத்து அடங்கும். மாவட்டமே வாய் பிளந்து பார்த்தது.

குளத்தைக் கட்டிய மேஸ்திரி பிலவேந்திரன், இசபெல்லாவின் கணவன்.

மார்கழியில் தளம் போட்டு முடித்தவன் அதற்குப் பிறகு கரண்டியைத் தொடவில்லை. உள்ளங்கை இரண்டும் மரத்துப் போய்விட்டது என்றான். இசபெல்லா ஆறு வருஷம் தொழுநோய்க் கணக்கெடுப்பில் ஊர் ஊராக நடந்தவள். தேமல் கண்ட இடத்தில் பஞ்சால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கணவனின் கையை அவளே சோதித்தாள். பெரிய டாக்டரிடமும் காட்டினாள். அந்த நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நரம்பும் நன்றாக இருந்தது. உணர்ச்சி மட்டும் இல்லை. தை மாதம் அவளுடைய வேலையும் போயிற்று. கோடை தொடங்கியதும் காளியப்பனே ஆள் அனுப்பினார். மேஸ்திரி வீட்டுக்காரம்மா வந்து குளிக்கிறவர்களுக்கு மருந்து போடட்டும் என்று.

“நீ போகாத” என்றான் பிலவேந்திரன். ஏன் என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

இஞ்சின் ஓட்டும் மாதப்பன்தான் அவளுக்கு இடத்தைக் காட்டினான். குளத்தோரம் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல்.

“பெல் அடிச்சா பத்து நிமிசம் அலைங்க்கா. அப்புறம் அரை மணி இஞ்சின் ஆறணும். பொம்பளைங்க, கொழந்தைங்கல்லாம் இந்தப் பக்கந்தான் நிப்பாங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அந்தக் கொடிக் கம்பத்துக்கு நேரா ஒரு பாய் அகலத்துக்குத் தளம் சொரசொரப்பா கெடக்குது. அடிபடுறவங்க எல்லாரும் அங்கதான் அடிபடுறாங்க. மத்த எடமெல்லாம் வழவழன்னுதான் இருக்குது.”

முதல் ஆள் அரை மணி நேரத்தில் வந்தார். பாலக்கோட்டிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார். அலை தள்ளி விழுந்து வலது முழங்கால் சிராய்த்திருந்தது. இசபெல்லா குனிந்து பார்த்தாள். சிராய்ப்பு என்றால் தோல் சுருண்டு, கோடு கோடாக ரத்தம் கசிந்து, மண் ஒட்டியிருக்க வேண்டும். இது அப்படி இல்லை. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுத்தமாகப் போயிருந்தது. ஓரம் பிளேடால் நறுக்கினதுபோல் நேராக இருந்தது. அடியில் இளநீர் வழுக்கைபோல் வெளுப்பு. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

டிங்சரை நனைத்து வைத்தாள். பெரிய ஆம்பிளையும் பல்லைக் கடிக்கும் எரிச்சல் அது. வாத்தியார் குளத்தில் தன் மகள் ஆடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எரியலைங்களா சார்?”

“இல்லையேம்மா. போட்டாச்சா?”

பழைய பழக்கம் அவளை விடவில்லை. “கண்ண மூடிக்குங்க சார். நான் தொடுறப்ப தொடுற எடத்தச் சொல்லுங்க” என்றாள். பேனா முனையால் காயத்தின் நடுவில் தொட்டாள். அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள்.

வாத்தியார் கண்ணை மூடியபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

“இன்னும் தொடலையாம்மா?”

அன்றைக்கு நாலு பேர். அந்த வாரம் பதினொன்று. எல்லாம் அதே வெளுப்பு, அதே நேரான ஓரம். யாருக்கும் வலிக்கவில்லை. வலிக்காத காயத்துக்கு யார் புகார் செய்வார்கள்? மருந்து போட்டுக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மறுபடி தண்ணீரில் இறங்கினார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த வாத்தியாரைப் பஸ்ஸில் பார்த்தாள். புதுத் தோல் வளர்ந்திருந்தது. “அந்த எடத்துல மட்டும் கொசு கடிச்சாக்கூடத் தெரியறதில்லம்மா. ஒரு வகையில நல்லதுதான்” என்று சிரித்தார்.

திங்கட்கிழமை குளத்துக்கு லீவு. தண்ணீரை இறைத்துவிட்டு மாதப்பன் சாணைக்கல்லால் அந்த இடத்தைத் தேய்த்தான். மத்தியானத்துக்குள் அது கண்ணாடிபோல் ஆகிவிட்டது. இசபெல்லாவே தடவிப் பார்த்தாள். புதன்கிழமை மூன்று பேருக்குச் சிராய்த்தது. அடுத்த திங்கள் சிமென்ட் பால் பூசினான். அதற்கும் அடுத்த திங்கள் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுப் பூச்சே போட்டான். ஒவ்வொரு முறையும் இரண்டாம் நாளே சொரசொரப்பு திரும்பி வந்தது.

“கடலே அப்படித்தாம்மா. மணலு கால அறுக்காதா?” என்றார் காளியப்பன். “சொரசொரப்பு இருந்தாத்தான் வழுக்காது. அது ஒரு பாதுகாப்பு.”

மூன்றாவது முறையும் அது கெட்டதும், அடுத்த திங்கள், இசபெல்லா வறண்ட குளத்தில் தனியாக இறங்கினாள். வெயில் தலையைப் பிளந்தது. சுற்றிலும் சிமென்ட் கொதித்தது. கொடிக் கம்பத்துக்கு நேராக மண்டியிட்டு, விரல் நுனியால் தளத்தைத் தடவினாள். ஆழத்துப் பக்கமாகத் தடவினால் வழுவழுப்பாக இருந்தது. கரைப் பக்கமாகத் தடவினால் விரலைப் பிடித்தது.

மாட்டு நாக்கைப்போல.

மற்ற இடம் கொதிக்கும்போது அந்த இடம் மட்டும் மனித உடம்பின் சூட்டில் இருந்தது. ஏதோ வாடை வேறு. குளத்துக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர் வாடை இல்லை. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றும்போது குமுறிக்கொண்டு எழும் ஆவியின் வாடை. தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

வடிகாலில் போட்டிருந்த இரும்பு வலையை மாதப்பன் சுத்தம் செய்துகொண்டிருந்தான். அவள் போய் எட்டிப் பார்த்தாள். முடிச்சுருள், புளிய இலை, கொண்டை ஊசி, ஒரு குழந்தையின் கொலுசுத் திருகாணி.

“இத்தன பேரு தோலு போகுதே மாதப்பா. வலையில ஒரு துணுக்காச்சும் மாட்டுனதுண்டா?”

அவன் வலையைத் தட்டுவதை நிறுத்தினான்.

“நானும் பாத்துக்கிட்டுத்தாங்க்கா இருக்கிறேன்” என்றான் மெதுவாக. “மாட்டுனதே இல்ல.”

பழைய வேலையிலிருந்து அவளிடம் ஒரு புத்தகம் மிஞ்சியிருந்தது. ஒவ்வொரு தாளிலும் மனித உடம்பின் கோட்டுப்படம், முன்பக்கம் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று. நோயாளிக்கு எங்கே தேமல் இருக்கிறதோ அங்கே கட்டம் கட்டிக் காட்ட வேண்டும். குளத்தில் சிராய்த்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு தாள் வீணாக்க வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் குறித்து வந்தாள். முழங்கால், முழங்கை, குதிகால் என்று வழக்கமான இடங்கள் முதலில் வந்தன. பிறகு விலா, தோள்பட்டை, தொடை. வைகாசி பிறந்த பிறகு வந்தவை விநோதமாக இருந்தன. ஒருவருக்குக் காதுக்குப் பின்னால். ஒரு பெண் வெட்கப்பட்டுக்கொண்டே ரவிக்கையைத் தூக்கி மார்புக்கு அடியில் காட்டினாள். ஒரு கிழவருக்கு அக்குளில். தரையில் விழுந்தவனுக்கு அக்குளில் எப்படிச் சிராய்க்கும்?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கொட்டகையைப் பூட்டுவதற்கு முன்னால், அந்தத் தாளை எதிர்வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

நாற்பத்து மூன்று கட்டங்கள். ஒன்றின்மேல் ஒன்று விழவே இல்லை. முழங்காலைக் கொடுத்த வாத்தியாருக்குப் பிறகு வேறு யாருக்கும் வலது முழங்கால் சிராய்க்கவில்லை. விழுந்தவர்கள் எத்தனையோ பேர். ஏற்கெனவே எடுத்த இடத்தை அந்தத் தரை மறுபடி தொடவே இல்லை.

கட்டங்கள் ஒன்றோடொன்று ஓரம் சேர்ந்து முன்னும் பின்னும் உடம்பு முழுவதும் நிறைந்திருந்தன.

முகம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தாளை மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். விளக்கேற்றினாள். களி கிண்டினாள். சட்டியைத் தூக்கி அடுப்புக்கு வெளியே வைத்தாள்.

“சட்டி சுடும்” என்றான் பிலவேந்திரன்.

பத்து நாளைக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அது. இசபெல்லா குனிந்து பார்த்தாள். துணி இல்லாமல் வெறுங்கையில், தளத்தைத் தடவிய அதே விரல்களால், சட்டியைப் பிடித்திருந்தாள். விரல் நுனிகள் கருகும் வாடை அடித்தது. அந்த வாடையால்தான் அவளுக்கே தெரிந்தது.

“சுடலையே” என்றாள்.

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவள் கூடையிலிருந்து தாளை எடுத்து விளக்கடியில் விரித்தாள்.

“கொளத்துல அடிபட்டவங்க. நாப்பத்து மூணு பேரு.”

பிலவேந்திரன் தாளை வெகுநேரம் பார்த்தான்.

“இல்ல” என்றான். “ஒரு ஆளு.”

அவன் சொன்னதை அவள் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். மார்கழியில், திறப்பு விழாவுக்குப் பத்து நாள் முன்னால், சிமென்ட் பற்றாமல் போயிற்று. மிச்சமிருந்த தளத்துக்குச் சுண்ணாம்பு கலந்து போடச் சொன்னார் காளியப்பன். கல் சுண்ணாம்பைக் குழியில் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். குழி கொதித்துக்கொண்டிருந்தது. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து சித்தாள் வேலைக்கு வந்திருந்த குள்ளம்மாள், குழிமேல் போட்ட பலகையில் கூடையோடு நடந்தாள். இருபத்திரண்டு வயசு. பலகை உளுத்தது. அதை மாற்ற வேண்டும் என்று காலையில்தான் பிலவேந்திரன் நினைத்தான்.

“கழுத்து வரைக்கும் உள்ள போயிட்டா. மொகம் மட்டுந்தான் மேல. கத்தக்கூட இல்ல. ரெண்டு கையையும் நீட்டுனா. நான் புடிச்சு இழுத்தேன்.” அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். “தோலு மட்டும் எங்கையோட வந்துடுச்சு.”

விளக்குத் திரி படபடத்தது. இசபெல்லா அதைத் தூண்டிவிட்டாள்.

“ஜீப்புல போட்டுத் தருமபுரி போறதுக்குள்ள போயிட்டா. மொகம் மட்டும் அப்படியே இருந்துச்சு, தூங்குறாப்பல. திரும்பி வந்து பென்னாகரத்துக்கு அந்தாண்ட காட்டுல பொதைச்சோம். கேட்டா பெங்களூருக்கு வேற கூட்டத்தோட போயிட்டான்னு சொல்லச் சொன்னாரு மொதலாளி.”

“அந்தச் சுண்ணாம்பு?”

அவன் உள்ளங்கைகளை மடியில் கவிழ்த்துக்கொண்டான்.

“ஏங்க, அந்தச் சுண்ணாம்ப என்ன பண்ணுனீங்க?”

“தளத்துக்குப் போட்டுட்டோம்” என்றான். “கொடிக் கம்பத்துக்கு நேரா.”

அவள் அழவில்லை. அவனைத் திட்டவில்லை. களியை உருட்டி அவன் தட்டில் வைத்தாள், தன் தட்டிலும் வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அதைப் பிறகு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம், அந்த ராத்திரி சாப்பிட்டோமே என்பதுதான் இசபெல்லாவுக்குப் பெரிய திகிலாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகாமல் நேராகக் குளத்துக்குப் போனாள். காளியப்பன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“குள்ளம்மாளப் பத்தி எனக்குத் தெரியும்ங்க. கொளத்த மூடிடுங்க. மொகம் ஒண்ணுதான் பாக்கி.”

அவர் முகம் மாறவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“இத்தன நாளா மருந்து போடுறியே. யாராச்சும் ஒருத்தர், வலிக்குதுன்னு சொன்னாங்களா?”

“இல்லீங்க.”

“அப்புறம் என்ன? போயி வேலையப் பாரு.”

அவள் போய் வேலையைப் பார்த்தாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கால் நடந்தது, போனாள். குளம் நிரம்பி வழிந்தது. இரண்டு லாரி நிறையக் கல்யாண வீட்டுக் கூட்டம் வேறு வந்திருந்தது. உச்சி வேளையில் மாதப்பன் கொட்டகைக்கு வந்தான்.

“அக்கா, வாசல்ல ஒரு பொம்பள நிக்கிறாங்க. மாசாமாசம் வருவாங்க, மொதலாளி தொரத்திவிட்டுருவாரு. இன்னிக்கு அவரு சாப்புடப் போயிருக்காரு.”

வாசலில் நின்றவளுக்கு முப்பது வயதிருக்கும். மஞ்சள் பையைத் தூக்க மாட்டாமல் இடுப்பில் வைத்திருந்தாள். பேச்சில் கன்னடம் கலந்திருந்தது.

“நான் தீர்த்தம்மா, அஞ்செட்டிப் பக்கங்க. என் தங்கி குள்ளம்மா இங்க சித்தாள் வேலைக்கு வந்தா. பெங்களூரு போயிட்டான்னு சொல்றாங்க. பெங்களூருலயும் போயித் தேடிட்டேன். நீங்க ஏதானா கேள்விப்பட்டீங்களா அக்கா?”

இசபெல்லா வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். அகன்ற நெற்றி, கன்னத்தில் ஒரு குழி. “இருங்க, தண்ணி கொண்டாறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள்.

பெல் அடித்தது.

இஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. பலகை தண்ணீரைத் தள்ளியது. முதல் அலை வந்தது, ஜனம் ‘ஓ’வென்று கத்தியது. இரண்டாவது அலை. மூன்றாவது அலை வடிந்தபோது, கொடிக் கம்பத்துக்கு நேராக, முழங்கால் தண்ணீரில், பச்சைப் பாவாடை கட்டிய நாலு வயதுப் பெண் குழந்தை குப்புறக் கிடப்பதை இசபெல்லா பார்த்தாள்.

கூந்தல் தண்ணீரில் விரிந்திருந்தது.

பக்கத்தில் நின்ற தாய் சிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை மூச்சுப் பிடித்து விளையாடுவதாக நினைத்திருந்தாள்.

இசபெல்லா ஓடினாள். புடவையோடு தண்ணீரில் பாய்ந்து, குழந்தையின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். உடம்பு வந்தது. முகம் வரவில்லை. கனமும் இல்லை, எங்கும் சிக்கவும் இல்லை. யாரோ அந்தச் சின்ன முகத்தை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல், அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பிடியாக இருந்தது.

அவள் முட்டி தளத்தில் உரசியது. கை உரசியது. சிராய்க்கவில்லை. அவளிடம் எடுத்துக்கொள்ள அதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்த அலை அவள் தலைக்குமேல் உடைந்தது. சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. அவள் குனிந்து, வாயைத் தண்ணீருக்கு மேல் ஒட்டி வைத்துக்கொண்டு சொன்னாள்.

“குள்ளம்மா. விட்டுடு. உங்கக்கா வந்திருக்கா.”

பிடி அசையவில்லை.

“தீர்த்தம்மா வந்திருக்கா. வாசல்ல நிக்கிறா. நான் எல்லாத்தையும் சொல்லிடுறேன். கொழந்தைய விடு.”

இஞ்சின் தானாக நின்றது.

குழந்தையின் முகம் தண்ணீரை விட்டு மேலே வந்தது. ஒரு விக்கல், பிறகு இருமல், பிறகு ஊரையே கூட்டும் அழுகை. தாய் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

இசபெல்லா சொட்டச் சொட்ட வாசலுக்கு நடந்தாள். தீர்த்தம்மாள் இன்னும் அதே இடத்தில், பையை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள். இசபெல்லா எல்லாவற்றையும் சொன்னாள். பலகை, குழி, நீட்டிய கைகள், காடு. தன் புருஷன் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னாள். தீர்த்தம்மாள் கேட்டுக்கொண்டாள். பையை மட்டும் கீழே வைத்தாள்.

அன்று சாயங்காலம் பிலவேந்திரன் சட்டையை மாட்டிக்கொண்டு தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். இசபெல்லா கூடவே போய் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். மறுநாள் அவன் காட்டிய இடத்தில் தோண்டினார்கள். காளியப்பனை நாலாம் நாள் பெங்களூரில் பிடித்தார்கள். எலும்பைத் தீர்த்தம்மாளிடம் ஒப்படைக்க ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் குளத்துத் தண்ணீரை வெளியே விட்டு, வாசலுக்குச் சங்கிலி போட்டுவிட்டார்கள்.

ஆனி மாதக் கடைசியில் தீர்த்தம்மாள் இசபெல்லாவின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். எலும்பைத் தங்கள் கொல்லையிலேயே புதைத்தாயிற்று என்றாள். “ஆனா அது பூரா அவ இல்லியே அக்கா. அந்த எடத்த ஒரு தரம் காட்டுங்க.”

பகல் மூன்று மணிக்கு மாதப்பன் சங்கிலியைக் கழற்றி அவர்களை உள்ளே விட்டான். அவன் இறங்கவில்லை. குளம் எலும்புபோல் காய்ந்து கிடந்தது. சரிவில் புளிய இலைகள் உருண்டன. இசபெல்லா கொடிக் கம்பத்துக்கு நேராக நின்று கையைக் காட்டினாள்.

சொரசொரப்பு இல்லை. மாநிறத்தில், ஒரு பாய் அகலத்துக்கு, வழுவழுவென்றிருந்தது.

தீர்த்தம்மாள் முதலில் உட்கார்ந்தாள். பிறகு குழந்தைக்குப் பக்கத்தில் படுப்பதுபோல் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைத் தளத்தில் வைத்துக்கொண்டாள். கன்னடத்தில் ஏதோ பேசினாள். ‘தங்கி, தங்கி’ என்பது மட்டும் இசபெல்லாவுக்குப் புரிந்தது. சிரித்த மாதிரிகூட ஒரு சத்தம் கேட்டது. பிறகு அவள் முகத்தை மெதுவாகத் திருப்பி நெற்றியை வைத்தாள், மூக்கை வைத்தாள், மறு கன்னத்தை வைத்தாள்.

வெகுநேரம்.

தீர்த்தம்மாள் எழுந்து திரும்பியபோது இசபெல்லா ஒரு அடி பின்னால் போனாள். நெற்றி முதல் மோவாய் வரை அந்த முகம் வெளுத்திருந்தது. ஓரம் நேராக இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

“வலிக்குதா?” என்றாள் இசபெல்லா.

தீர்த்தம்மாள் முந்தானையால் முகத்தைப் போர்த்திக்கொண்டாள்.

“எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சாடை அக்கா” என்றாள். “சின்னதுல இருந்தே அப்படித்தான் சொல்லுவாங்க.”

அவள் மேடேறிப் போனாள். வாசல் சங்கிலி கலகலத்தது. இசபெல்லாவும் போயிருக்க வேண்டும். அங்கேயே நின்றாள். மேற்கே ஒகேனக்கல் காட்டுப் பக்கம் மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முந்தின காற்று, ஈரத்தோடும் குளிரோடும், மதிலைத் தாண்டி வறண்ட குளத்துக்குள் இறங்கியது.

இசபெல்லாவுக்குக் குளிரவில்லை.

காற்று சரிவில் இறங்கி வந்து, அந்த மாநிறத் தளத்தின்மேல் தவழ்ந்தது.

தளம் முழுவதும் பொட்டுப் பொட்டாக எழும்பிச் சிலிர்த்தது.